நம் கடலில் ஒன்றும் தெரியாது என்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் மாலத்தீவு, பாலி, மலேசியாவின் தியோமான் தீவு என்று பயணப் பேச்சுதான். ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், சந்தோஷமான விஷயம், ஆனால் அவர்களில் யாரிடம் பேசினாலும் 'சிங்கப்பூரில் எங்கே டைவ் போவது, தண்ணீரில் இறங்கினால் ஒன்றும் தெரியாதே' என்ற ஒரே பதில்தான் வருகிறது. இந்த 'ஒன்றும் தெரியாது' என்ற பேச்சை மறுக்கத்தான் எழுதுகிறேன். கடிதம் சற்று நீளமாகப் போகும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் குச்சியைப் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நான் சொல்வது புலாவ் ஹந்து. சிங்கப்பூரின் தென்மேற்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற புலாவ் புக்கோமுக்குப் பக்கத்தில் இருக்கும் இரட்டைத் தீவு. பெரியது ஹந்து பெசார், சின்னது ஹந்து கெச்சில். கடல் நன்றாக வற்றினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். மலாயில் ஹந்து என்றால் பேய் என்பது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும், எங்கள் பெரியம்மா பெயரைக் கேட்டதும் 'உனக்கு வேற இடமே கிடைக்கலையா' என்று கேட்டார். டேங்கை மாட்டிக்கொண்டு படகின் ஓரத்தில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது தென்னை மரமும் வெள்ளை மணலும் மட்டுமல்ல, எண்ணெய்த் தொட்டிகளும் புகைபோக்கிகளும்தான். முதல் தடவை வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் காலைப் பசியாறிவிட்டுக் கிளம்பி, இரண்டு முறை முக்குளித்துவிட்டு, மாலைக்குள் வீட்டுக்கு வந்து துணி துவைத்துப் போடலாம். கடப்பிதழ் வேண்டாம், தியோமானுக்குப் படகு ஏறும் மெர்சிங் படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டாம், டைவிங் முடித்து 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்ற கணக்கும் வேண்டாம்.

அமைதியான இடம் அது. சுற்றிலும் தீவுகளும் திட்டுகளும் இருப்பதால் பெரிய அலை வந்து மோதுவதில்லை. ஆழமும் அதிகமில்லை, நாங்கள் பெரும்பாலும் 5 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் நடுவில்தான் சுற்றுவோம். தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும், தடிமனான வெட்சூட் தேவைப்படாது. கவனிக்க வேண்டியது நீரோட்டத்தைத்தான். சிங்கப்பூரில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் 3 மீட்டர் வரை போகும். அவ்வளவு தண்ணீரும் சில மணி நேரத்தில் இந்தத் தீவுகளுக்கு இடையே உள்ள குறுகிய வழிகளில் ஓடித்தான் ஆக வேண்டும், அதனால் நேரம் தப்பி இறங்கினால் ஹந்துவும் இழுக்கும். அரைநிலா நாட்களில், அதாவது அஷ்டமியை ஒட்டியும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களிலும், சூரியனும் சந்திரனும் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பதால் ஏற்றவற்றம் சுருங்கிவிடும், நீரோட்டமும் அடங்கிவிடும். நம் வீடுகளில் அஷ்டமி நவமியில் எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டார்கள். ஹந்துவில் இறங்குவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது! நான் முதலில் சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில் திதியைப் பார்ப்பேன், அப்புறம்தான் ஏற்றவற்ற அட்டவணை. ஏற்றம் முடிந்து வற்று தொடங்குவதற்கு நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கிற நேரம் ஒன்று உண்டு. நல்ல படகுக்காரர்கள் அதைக் கணக்கு வைத்துத்தான் இறக்கிவிடுவார்கள். அப்படிக் கணக்குப் பார்க்காதவர்களோடு போகாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, தெளிவு. ஒளிக்கப் போவதில்லை. ஹந்துவில் சாதாரண நாளில் 2 மீட்டர், 3 மீட்டர் வரைதான் தெரியும். 5 மீட்டர் தெரிந்தால் படகில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் பெரிய மழை பெய்திருந்தால் பச்சைக் கலங்கலில் உடன் வந்தவரின் துடுப்புக்கூடச் சரியாகத் தெரியாது. மாலத்தீவில் 30 மீட்டர் தூரம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். ஆமை எங்கே, மாண்டா திருக்கை எங்கே, சுறா எங்கே என்று தூரத்தையே பார்த்துக்கொண்டு நீந்துவார்கள், மூக்குக்குக் கீழே இருக்கிற பவளத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. ஹந்துவில் தூரம் என்று ஒன்று கிடையாது. குனிந்தே தீர வேண்டும். குனிந்தால்தான் தெரியும், இங்கே இருக்கிற உயிர்களில் பாதி, ஒரு விரல் நீளம்கூட இல்லாதவை என்று.

முதலில் சத்தம். தலை தண்ணீருக்குள் போனதும் நாலா பக்கமும் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கும். சொடுக்கு இறால்களின் வேலை அது. ஒரு கொடுக்கை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு, அதை அவை வேகமாகச் சொடுக்கும்போது தண்ணீரில் சின்னக் குமிழி உண்டாகி வெடிக்கிறது. வெளிநாட்டுப் பவளத்திட்டுகளிலும் இது கேட்கும், ஆனால் கண் ஓய்ந்திருக்கும் கலங்கலில் காது கூர்மையாகிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

இந்த இறால் வகைகளில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹந்துவில் நான் அதிக நேரம் செலவழிப்பது இவற்றின் வாசலில்தான். பவளம் முடிந்து மணல் தொடங்குகிற சரிவில் ஒரு சின்ன வளை இருக்கும். வாசலில் உளுவை மீன் ஒன்று, ஒரு விரல் நீளம்கூட இருக்காது, தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீங்கள் 2 மீட்டர் தள்ளி மணலைக் கிளறாமல் அசையாமல் இருங்கள். கொஞ்ச நேரத்தில் வளைக்குள்ளிருந்து இறால் ஒன்று இரண்டு கொடுக்குகளாலும் மணலைத் தள்ளிக்கொண்டு வரும், வெளியே கொட்டும், திரும்பப் போகும், மறுபடி வரும். வேலை, வேலை, வேலைதான் அதற்கு. இந்த இறாலுக்குப் பார்வை ரொம்ப மட்டம். அதனால் வளையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட உணர்கொம்பில் ஒன்றை உளுவையின் உடம்பில் வைத்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்று உளுவைக்குப் பட்டால் வாலை ஒரு உதறு உதறும், இறால் அந்த நொடியே உள்ளே போய்விடும். இன்னும் கிட்டே போனால் உளுவையும் தலைகீழாகப் பாய்ந்து மறைந்துவிடும். அது காவல் காக்கிறது, இது வீடு கட்டித் தருகிறது. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குத் தெரியாது, வேறு வேறு இனம், ஆனாலும் ஒரே வளையில் குடித்தனம். தெளிவு 2 மீட்டர்தான் என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் இதைப் பார்க்க எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொல்லட்டும்.

அடுத்தது நூடிபிராங்க் எனப்படும் ஓடில்லாத கடல் நத்தைகள். உலகம் முழுக்க இவற்றைப் படம் பிடிக்கவே பணம் செலவு செய்து பறக்கிறார்கள், நமக்கோ இவை வாசலில் கிடைக்கின்றன. ஹந்துவில் அடிக்கடி பார்ப்பது வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள் வட்ட வட்டமாக அமைந்த ஒன்று, பெயர் ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ். நீல நிறக் கடற்பஞ்சின் மேல் அது உட்கார்ந்திருக்கும், அதுதான் அதற்குச் சாப்பாடு. முன்பக்கம் இரண்டு கொம்புகள் இருக்கும். அவற்றால் தண்ணீரில் கரைந்திருக்கிற வாசனையை அறிந்துகொண்டுதான் இரையையும் துணையையும் தேடிப் போகிறது, கண் பேருக்குத்தான். முதுகின் பின்பக்கம் செவுள்கள் வெளியிலேயே விரிந்திருக்கும், உங்கள் நிழல் பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் நிதானமாகத் திரும்ப விரிக்கும். ஓடு இல்லாமல் எப்படிப் பிழைக்கிறது என்றால், தின்கிற பஞ்சின் நஞ்சையே தனக்குக் காவலாக வைத்துக்கொள்கிறது. இன்னும் சில வகைகள் கொட்டும் இரைகளைத் தின்று அவற்றின் கொட்டுச் செல்களைச் செரிக்காமல் தன் முதுகில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பளிச்சென்ற நிறம் எல்லாம் 'என்னைத் தின்னாதே' என்ற அறிவிப்புதான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண், பெண் இரண்டும் இருக்கும். 

புலிவால் கடற்குதிரையும் இங்கே உண்டு, வாலில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டிருக்கும், கடல்விசிறியையோ பஞ்சையோ வாலால் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆண்தான் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமக்கும். கோமாளி மீன்களைக் கடல் சாமந்திகளில் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் பெரியது எப்போதும் பெண், அது செத்துப்போனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிக் குடும்பத்தை நடத்தும். நீண்ட மூக்கும் செம்பு நிறப் பட்டைகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி மீன்கள் தனியாகவோ ஜோடியாகவோ திரியும். குட்டிக் கணவாய்கள், தட்டைப் புழுக்கள், இறகு நட்சத்திரங்களின் கைகளுக்கு நடுவே அதே நிறத்தில் ஒளிந்திருக்கும் சின்ன இறால்கள், இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆமைகூட எப்போதாவது வரும். ஆனால் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு வேண்டியது நிதானம். தியோமானில் டைவ் மாஸ்டர் பின்னாடியே துரத்திக்கொண்டு போன பழக்கத்தோடு ஹந்துவில் நீந்தினால் நிஜமாகவே ஒன்றும் தெரியாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரட்டிப்பு, அதனால் காற்றும் இரட்டிப்பாகச் செலவாகும். 6, 7 மீட்டரில் நின்று, மூச்சை நிதானமாக விட்டு, கையைக் காலை ஆட்டாமல் இருந்தால் ஒரே டேங்கில் ஒரு மணி நேரம் தாராளமாக இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் கடக்கும் தூரம் ஒரு வீவக புளோக்கின் நீளம்கூட இருக்காது. மிதப்பைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்கள் அடியில் படிந்திருக்கிற சேற்றைத் துடுப்பால் கிளப்பிவிட்டு, பின்னால் வருகிற எல்லாருக்கும் காட்சியைக் கெடுத்துவிடுவார்கள், போதாததற்கு அந்தச் சேறு பவளத்தின் மேலேயே போய்ப் படியும். டைவிங் கற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தண்ணீர்ப் பக்கமே வராதவர்கள் முதலில் நீச்சல் குளத்தில் ஒரு மீள்பயிற்சி எடுத்துக்கொண்டு வருவது எல்லாருக்கும் நல்லது. டார்ச் கண்டிப்பாக எடுத்து வாருங்கள், பகலிலும் தேவைப்படும், சிவப்பு நிறமெல்லாம் ஆழத்தில் செத்துப்போய்ச் சாம்பலாகத்தான் தெரியும், வெளிச்சம் பட்டால்தான் உண்மை நிறம் வரும்.

இப்போது குச்சி. படம் எடுப்பவர்கள் கையில் எஃகுக் குச்சி ஒன்று வைத்திருப்பார்கள், பாறையில் ஊன்றி உடம்பை நிறுத்திக்கொள்ளவும் மற்றவர்களுக்குச் சுட்டிக் காட்டவும். சுட்டிக் காட்டினால் பரவாயில்லை. சென்ற ஆண்டு ஒரு படகில் போனபோது, பெயர் வேண்டாம், எங்கள் வழிகாட்டியே ஒரு கடற்குதிரையை அதன் பிடியிலிருந்து குச்சியால் விடுவித்து, முகம் கேமராப் பக்கம் திரும்பும்படி வைத்தார். காசு கொடுத்து வந்தவர் மூன்று நான்கு படம் எடுத்து முடிக்கும்வரை அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கடற்குதிரைக்கு நீந்தத் தெரியாது என்றே சொல்லலாம், அத்தனை மோசமான நீச்சல் அதற்கு. வாலைச் சுற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைக்காவிட்டால் நீரோட்டம் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்விடும். மேலே வந்து நான் கேட்டபோது 'எல்லாரும் செய்வதுதான் அக்கா, ஃபிளாஷ் அடிப்பதை விட இது ஒன்றும் இல்லை' என்றார். நேர்மாறு. ஃபிளாஷைவிட இப்படிக் கைவைப்பதும் இடம் மாற்றுவதும்தான் அந்த மீன்களுக்கு அதிகத் தொந்தரவு. நூடிபிராங்கைப் பிடுங்கி அழகான பின்னணியில் வைத்துப் படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது எந்தப் பஞ்சைத் தின்கிறதோ அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கி ஒரு சிவப்புப் பவளத்தின் மேல் வைத்தால் உங்கள் படத்துக்கு லைக் கிடைக்கும், அது பட்டினி கிடக்கும்.

காசு கொடுப்பவர்கள் கேட்பதால்தான் வழிகாட்டிகள் செய்கிறார்கள். ஆகவே படகு ஏறும்போதே 'எதையும் நகர்த்திக் காட்ட வேண்டாம், கிடைத்ததைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று நாம் சொல்லிவிட வேண்டும். இதை எங்கள் குழுவில் வழக்கமாகவே வைத்திருக்கிறோம், எந்த வழிகாட்டியும் கோபித்துக்கொண்டதில்லை, சிலர் நிம்மதியாகக்கூடத் தெரிந்தார்கள்.

கலங்கல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் கடல் இயற்கையிலேயே கலங்கல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1960களின் தொடக்கத்தில் இதே தெற்குத் தீவுகளில் 10 மீட்டர் வரை தெரிந்தது, பிறகு அது 2 மீட்டராகக் குறைந்தது என்று பேராசிரியர் சௌ லோக் மிங் போன்ற கடல் ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் நிலப்பரப்பு 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டர், இப்போது 730க்கு மேல். அந்தக் கூடுதல் நிலம் கடலிலிருந்து வந்தது, ஹந்துவே 1970களில் மண் கொட்டிப் பெரிதாக்கப்பட்டதுதான். பவளத்திட்டுகளில் 60 விழுக்காடு வரை இப்படிப் போய்விட்டன. கிளம்பிய மண் அடியில் படிந்து, ஒவ்வொரு ஏற்றவற்றத்துக்கும் மறுபடி கலங்குகிறது. பவளத்துக்குள் குடியிருக்கிற பாசிக்கு வெயில் வேண்டும், கலங்கலில் வெயில் கீழே போகாது, அதனால்தான் நம் பவளங்கள் பெரும்பாலும் மேல் 6, 8 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. இந்த நாட்டுக்கு வீடும் துறைமுகமும் விமான நிலையமும் வேண்டியிருந்தன, நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாமே கலக்கிய தண்ணீரைப் பார்த்து 'அய்யே, கலங்கல்' என்று முகம் சுளித்துவிட்டு மாலத்தீவுக்குப் பறப்பது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

அப்புறம் 2024. அந்த வருடம் நம் கடலுக்கு எல்லாமே சேர்ந்து வந்தது. ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றிருந்த எரிபொருள் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கொட்டியது. செந்தோசா, லேப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட், தெற்குத் தீவுகள் என்று கரை எல்லாம் கறுப்பு. தொண்டூழியர்கள் மணலை அள்ளிப் பைகளில் கட்டியதை உங்கள் வாசகர்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதம், ஜூலையில், கடல் சூட்டினால் பவளங்கள் வெளுத்தன. கடல் வெப்பம் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நின்றால் பவளம் தனக்குச் சோறு போடுகிற பாசியையே வெளியே தள்ளிவிடும், அப்புறம் வெள்ளை எலும்பு மட்டும் தெரியும். நம் பவளங்களில் ஏறக்குறைய 44 விழுக்காடு அப்படி வெளுத்தன. 1998, 2010, 2016 என்று முன்பும் நடந்ததுதான். அக்டோபரில் புக்கோமுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணெய்க் கசிவு. நான் அந்த வருடக் கடைசியில் ஹந்துவில் இறங்கியபோது என்ன பார்க்கப் போகிறோமோ என்றுதான் இருந்தது. வெளுத்தவற்றில் பெரும்பாலானவை மறுபடி நிறம் பிடித்திருந்தன. செத்தவையும் இருந்தன, பாசி மூடிப் பழுப்பாக. தேசியப் பூங்காக் கழகம் பிறகு சொன்ன கணக்குப்படி மடிந்தவை சிறு பங்குதான். கலங்கலிலும் சூட்டிலும் பழகிய பவளங்களாக இருக்கலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இத்தனைக்குப் பிறகும் நம் நீரில் 250க்கும் மேற்பட்ட கடினப் பவள வகைகள் இருக்கின்றன, உலகில் உள்ளவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரிய கோப்பை வடிவில் வளரும் நெப்டியூன் கோப்பை என்ற கடற்பஞ்சு சிங்கப்பூரிலிருந்துதான் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. அளவுக்கு மீறி அள்ளியதில் நூறு வருடமாகக் கண்ணிலேயே படாமல், அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2011இல் இங்கேதான் மறுபடி உயிரோடு கிடைத்தது. கண்டுபிடித்தவர்களும் கலங்கலில் குனிந்து பார்த்தவர்கள்தான். 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி முதல் கடல்சார் பூங்கா வந்தது, இப்போது 100,000 பவளங்களை நடும் திட்டம் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல திட்டம். என் கருத்தைக் கேட்டால், நடுவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இருக்கிற திட்டுகளின் மேல் சேறு படியாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் பேச வேண்டும். ஹந்துவைப் பூங்காவாக அறிவிக்க வேண்டும் என்பதும் என் நெடுநாள் ஆசை.

நம் ஆட்களைப் பற்றி இரண்டு வார்த்தை. படகில் பெரும்பாலும் நானும் இன்னும் ஓரிருவரும்தான் தமிழர்கள். பயம்தான் காரணம், எனக்குத் தெரியும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொல்லியே வளர்த்த வீடு எங்களுடையதும். பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள், அதோடு நிறுத்திவிடுகிறோம். 10 வயதிலிருந்தே இளையோர் டைவிங் சான்றிதழ் எடுக்கலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது, சளி பிடித்திருந்தால் அன்று கரையிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். மற்றபடி 50 வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் டேங்க் இல்லாமல், ஒரே மூச்சில், முத்துக்கும் சங்குக்கும் குளித்த மக்களின் மொழி பேசுகிறோம், 6 மீட்டருக்குப் பயப்படுவதற்கு நமக்கு என்ன வந்தது?

முக்குளிக்க விருப்பமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பெரிய சிஸ்டர்ஸ் தீவை அக்டோபர் 2024இல் மறுபடி திறந்துவிட்டார்கள், கால் நனையாமலே கடலோர உயிர்களைப் பார்க்க மிதவை நடைபாதை போட்டிருக்கிறார்கள். கடல் நன்றாக வற்றுகிற அமாவாசை, பௌர்ணமி நாட்களைப் பார்த்துப் போங்கள், டைவிங்குக்குச் சொன்னதற்கு இது தலைகீழ். ஏப்ரல் பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில் நம் பவள வகைகளில் பல ஒரே நேரத்தில் முட்டையிடும். இளஞ்சிவப்புக் கட்டிகள் கூட்டம் கூட்டமாக மேலே மிதந்து வரும். சில வருடம் யீஷூன் கோயிலில் பங்குனி உத்திரம் முடிந்த கையோடு அது நடக்கும். காவடி பார்த்துவிட்டு அடுத்த சில இரவுகளில் படகு ஏறுகிறவர்களும் எங்களில் உண்டு. அது அனுபவமுள்ளவர்களுக்கான இரவு டைவ், புதியவர்கள் அவசரப்பட வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். விடுமுறைப் பக்கங்களில் வெளிநாட்டுத் தீவுகளின் விளம்பரங்களுக்கு நடுவே நம் தெற்குத் தீவுகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரைத் தொடர் போடுங்கள். மாணவர் நிருபர்களை ஒரு நாள் ஹந்துவுக்கு அனுப்புங்கள், டைவ் தெரியாவிட்டாலும் வற்று நேரத்தில் கரையோரம் நடந்து பார்த்து எழுதலாம். கடல் பாதுகாப்புக் கூட்டங்களுக்கு ஆங்கில நாளிதழ்களின் நிருபர்கள் வருகிறார்கள், தமிழ் நிருபர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஒருவர் வருவதானால் படகில் இடம் பிடித்து வைக்க நாங்கள் தயார், உபகரணமும் நாங்களே கொண்டுவருகிறோம், காலைச் சாப்பாடு மட்டும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கிளமெண்டி வாசகி ஒருவர்